எண்ணிடாத சீசா

மனாவுஸ் அருங்காட்சியகத்தின் நிலவறையில்
சீசாக்களுக்குச் சாராயம் ஊற்றுவது என் வேலை.
குடிக்க அல்ல, மிதக்க.
மாதம் ஒருமுறை மூடி மூடியாகத் திறந்து
ஆவியாய்ப் போனதை ஈடுகட்டுவேன்.
எடெல்வினா சர்மென்டோவை நான் பார்த்ததில்லை.
எனக்கு அவர்
ஆறாயிரத்துச் சொச்சம் சீசாக்கள்,
இடப்பக்கம் சாயும் ஒரு கையெழுத்து.

ஃபார்மலினில் முதலில் போவது சிவப்பு.
அடுத்து நீலம். கடைசியில் எல்லா மீனும்
நனைந்து காய்ந்த பழைய தாளின் நிறம்.
அதனால் துள்ளல் அடங்குமுன்
படகு விளிம்பில் குந்தியபடியே எழுதிவிடுவார்:
"செதில்: ஈரச் செங்கல்.
வால்: ஜந்தீரா கல்யாணத்தன்று பூசிய உதட்டுச்சாயம்.
கண்வளையம்: வெனான்சியோவின் தங்கப்பல், நண்பகலில்."
ஜந்தீரா அவர் தங்கை.
அந்தச் சாயம் எந்தச் சிவப்பு என்று
இனி யாரைக் கேட்பது?

வெனான்சியோ துடுப்புப் போட்டவர்.
ரியோ நெக்ரோவின் கிளையோடைகளில்,
பால் விடாத தேநீர் போன்ற தண்ணீரில்,
வலை இழுக்கும்போதெல்லாம்
ஒரு மீனைத் திரும்ப விட்டுவிடுவாராம்.
ஓடைக்குப் பங்கு.
அம்மையார் தடுக்கவில்லை, கணக்கில் ஏற்றிக்கொண்டார்:
"பிடித்தவை பதினேழு. பங்கு ஒன்று."
இன்னொரு சீட்டில்:
"ஐந்து நாளாய் மழை. மரவள்ளி மாவு தீர்ந்தது.
மாதிரிகள் நான்கில் மூன்றைச் சுட்டுத் தின்றோம்.
ருசி உண்டு. முள் அதிகம்.
முள்ளின் எண்ணிக்கை மறுபக்கம் காண்க."
மறுபக்கம் பார்த்தேன்.
எண்ணியிருந்தார்.

பன்னிரண்டு ஆண்டு
தையல் ஊசி முனையால் துடுப்புக் கதிர்களைப் பிரித்தெண்ணி
இவை இரண்டு இனம் என்று நிறுவினார்.
பிறகு எங்கிருந்தோ ஒரு கடிதம் வந்தது:
இரண்டல்ல, ஒன்றுதான்.
அது ஆண். இது பெண்.
சீட்டில் தன் பெயரைத் தானே அடித்து
பக்கத்தில் பென்சிலால் எழுதினார்:
"இத்தனை காலம் ஒரு தம்பதியைப் பிரித்து வைத்திருந்திருக்கிறேன்."
அன்றே இரண்டையும் ஒரே சீசாவில் போட்டார்.
இன்றும் அதிலேதான் இருக்கின்றன,
ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி.

பிற்பாடு கண்ணில் புரை.
விரல்நுனியால் எண்ணத் தொடங்கினார் போலும்,
சீட்டுகளில் எழுத்து பெருத்துக்கொண்டே வந்து
ஒன்றில் ஒரே சொல்தான் கொள்கிறது:
"சிறியது."

கடைசி அலமாரி, கீழ்த்தட்டு.
எண்ணிடாத ஒரு சீசா. உள்ளே மீன் இல்லை.
அந்தக் கொட்டை எழுத்தில் நான்கு சீட்டுகள்,
ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டியவை:
"அணை அடைக்க ஒரு நாள் இருந்தது.
எட்டு முறை வலை போட்டோம்.
எல்லாமே பங்கு.
இது தண்ணீர்."

மெழுகு உருக்கித்தான் மூடியிருக்கிறார்.
ஆனாலும் குறைகிறது,
ஆண்டுக்கு அரை விரற்கடை.
இப்போது பாதிக்கும் கீழே.
தேநீர் நிறம் இன்னும் கொஞ்சம் கறுத்திருக்கிறது.

மற்ற எல்லாவற்றுக்கும் ஊற்றி முடித்து
கையில் மீந்த சாராயத்தோடு
இதன்முன் வந்து குந்துவேன்.
இதற்கு என்ன ஊற்றுவதென்று
அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை.
தண்ணீர் நிற்கும் மட்டத்தில்
கண்ணாடிமேல் பென்சிலால் கோடு போடப் பார்ப்பேன்.
பென்சில் கண்ணாடியில் எழுதாது.
விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு
விளக்கை அணைப்பேன்.