அஸருக்கு முன் ஓர் அறிவிப்பு

பள்ளிவாசல் மைக் இருமுறை இருமியது.
பெரியபட்டினம் கிழக்குத் தெருவில்
கரண்ட் வந்து ஐந்து நிமிடம் இருக்கும்.
நான் ஓரா மீனின் முள்ளைக் கழித்துக்கொண்டிருந்தேன்.
'இன்னா லில்லாஹி' என்று மோதினார் தொடங்க
மீதியை நான் முடித்தேன்,
எல்லோரும் முடிப்பதுபோல,
மீன்வாடைக் கையோடு,
யாரோ ஒருவருக்காக,
புளி கரைக்கணுமே என்ற நினைப்பினூடே.

எங்கள் ஊர் அறிவிப்பில் பெயர் கடைசியில்தான் வரும்.
மர்ஹூம் மீராசா அவர்களின் மகனாரும்...
மீராசா என்று ஊரில் நாலு பேர்.
அசனா லெப்பை அவர்களின் மருமகனாரும்...
அசனா லெப்பை ஒருவர்தான்.
என் வாப்பா.
அவருக்கு நான் ஒரே மகள்.

பெயர் வருமுன் மைக் மறுபடி இருமியது.
அந்த இருமலுக்குள் எவ்வளவு நேரம் இருந்தேன்,
இன்றுவரை தெரியவில்லை.
ஹபீப் களஞ்சியம்.

அரிசி டின்மேல் போன் கிடந்தது,
பதினொரு அழைப்போடு.
பிள்ளை உறங்கட்டும் என்று
சத்தத்தை நான்தான் அடக்கியிருந்தேன்.

தலையாரித் தீவுக்குத் தெற்கே, ஆறு பாகத் தண்ணீர்.
காற்றில்லை. கலங்கலில்லை.
இறங்கினார்.
மற்றவர்கள் குதித்துத் தூக்கியபோது
இடுப்பு வலையில் ஒன்பது சங்கு.

அதையும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.
ஒன்று சின்னது.
அளவு வளையத்துக்குள் நுழைந்துவிடும் சங்கைத்
திரும்பக் கடலிலேயே விட்டுவிட வேண்டும்,
சங்கு குளிக்கிறவர்களுக்கு அதுதான் முறை.
ரப்பே,
முப்பத்து நாலு வயது.
நீ வளையம் வைத்துப் பார்த்தாயா?

இப்படிக் கேட்டது ஈமானுக்குக் குறைவா என்று
ஆலிமாவிடம் கேட்கவில்லை.
முசல்லாவில் உட்கார்ந்து
உன்னிடம்தான் கேட்டேன்.
எடுத்தவன் நீ,
வேறு யார் வாசலுக்குப் போவது?

இத்தா நாலு மாதம் பத்து நாள்.
வாசலில் பத்து ஜோடிச் செருப்பு, கூடத்தில் பழப் பைகள்.
'சபூர் செய் மர்ழியா' என்கிறார்கள்.
அவர்கள் சொல்லும்போது
வெந்நீர் ஒத்தடம்போல இருக்கிறது அந்தச் சொல்.
என் வாய்க்குள் வந்தால் மணல்.
துப்பவில்லை.
விழுங்கவும் இல்லை.

என்னைத் தூங்கவிடாதது
அன்று நான் சொன்னது.
நிச்சயமாக நாம் அல்லாஹ்வுக்கே உரியவர்கள்.
அந்த 'நாம்' என்பதற்குள் அவர் இருந்தது
தெரியாமல் சொன்னேன்.
தெரிந்திருந்தால் வேறு எதையோ கத்தியிருப்பேன்.
எதை என்று நினைக்க
எனக்கே பயமாக இருக்கிறது.
அதற்குள் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது.
அதைத் திரும்ப வாங்கிவிடத்தான்
எத்தனையோ தஹஜ்ஜுதுக்கு எழுந்தேன்.
ஒளுச் செய்யும்வரை அந்த எண்ணம் இருக்கும்.
போர்த் தண்ணீரும் இங்கே உப்பு,
உதடு கரிக்கும்.
பிறகு தக்பீர் கட்டிவிடுவேன்.

ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்:
தண்ணீருக்குள் தஸ்பீஹில்தான் மூச்சை அளப்பாராம்.
சுப்ஹானல்லாஹ் முப்பத்து மூன்றில் தரை தட்டும்.
அல்ஹம்துலில்லாஹ் முடிவதற்குள் துழாவி எடுத்தாக வேண்டும்.
அல்லாஹு அக்பர் மேலே வரும் வழிக்கு.
'பிழைப்பும் இபாதத்தும் ஒரே மூச்சுல ஆகுது பாரு.'

எந்த எண்ணில் நின்றார்?
படகிலிருந்த யாருக்கும் தெரியாது.
அதை மட்டும் உன்னிடம் கேட்க நா வரவில்லை.

சஜ்தாவில், நெற்றி பாயில் பட,
நானும் மூச்சைப் பிடித்துப் பார்க்கிறேன்.
இருபதைத் தாண்ட முடியவில்லை.
பிள்ளை முதுகில் ஏறி
காதைப் பிடித்து இழுக்கிறான்.
விட்டுவிடுகிறேன்.

ஸலாம் கொடுத்தபின் விரல் மடித்து எண்ணுகிறேன்,
என் கணக்கு முதலில்,
பிறகு அவருடையது.
விட்ட இடம் தெரியாததால்
ஒன்றிலிருந்து.

எட்டுச் சங்கை ஏவாரி எடை போட்டுக்கொண்டு போனார்.
சின்னதை மட்டும் திரைக்கு அந்தப்பக்கம் நீட்டி
கடலில் விட்டுவிட்டு வரச் சொன்னேன், கொழுந்தனிடம்.
'அது எப்பவோ செத்திருக்கும், மதினி.'

இருக்கட்டும்.
முறை முறைதான் என்றேன்.