மூன்றாவது பாட்டு

மெட்ராஸிலிருந்து வந்த பையன்
ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சொன்னான்:
"மூணாவது பாட்ட பாதி வரியில அறுத்தீங்க பாரு,
செம தைரியம்ணா."
முனவ்வர் என்னைப் பார்த்தான்.
நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

பாபு ராவ் தெருவில்
லாட்ஜும் லாட்ஜும் முதுகொட்டி நிற்கும்.
ஒரு பாத்ரூமில் குழாய் திறந்தால்
மூன்று கட்டிடத்துக்குத் தெரியும்.
முனவ்வர் அங்கே ரூம் பாய், பேர்ணாம்பட்டுக்காரன்.
அசன்சோல், ராஞ்சி, அகர்தலா என்று
ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்குகிறவர்களின் பெட்டி தூக்கி
'லிஃப்ட் ஓடாது' என்பதை
நாலு பாஷையில் சொல்லக் கற்றவன்.
நான் எதிர்க்கடையில் ஜெராக்ஸ்.
பயாப்ஸி ரிப்போர்ட் மூன்று காப்பி, முன்னும் பின்னும்.
ட்ர்ர் டக். ட்ர்ர் டக்.
எங்கள் முதல் வரி அந்த மெஷின்மேல்தான் ஏறி உட்கார்ந்தது.

தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை
என்றுதான் நான் ஆரம்பித்தேன்.
"நக்கோ" என்றான்.
அவன் வீட்டு உருதுவில் வேண்டாம் என்று அர்த்தம்.
"ஊரே சொல்லிச் சொல்லிச் சப்பினது அது.
காலையிலருந்து நீ பார்த்ததைச் சொல்லு."
சொன்னேன்:
*சீட்டு எழுது, சில்லறை தேடு, ரசீது கிழி,
ரத்தம் எடு, ரசம் குடி, ராத்திரி முழி.*
அவன் நாலு நக்கோவை அடுக்கி
கோரஸ் கட்டினான்.

பதினைந்தாம் நம்பர் அறை
பகல் பன்னிரண்டுக்குக் காலியாகும்,
நாலு மணிக்கு அடுத்த நோயாளி.
இடையில் அது எங்கள் ஸ்டுடியோ.
அதனால்தான் 'பன்னெண்டு டு நாலு' என்று பெயர்.
அதிலும் ஒரு மணி வரை கரண்ட் இருக்காது.
பிரவுசிங் சென்டர் மைக்குக்கு என் காலுறை,
ஜன்னலுக்கு இரண்டு மெத்தை,
கடன் வாங்கிய லேப்டாப்.
சித்திரை மாதம். ஃபேன் சத்தம் பதிவாகுமென்று
ஃபேனை நிறுத்தினோம்.
வேலூரில் சித்திரையில் ஃபேனை நிறுத்தியவனிடம்
தைரியத்தைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.
பனியனைப் பிழிந்து பிழிந்து பாடினோம்.
இரண்டாவது பாட்டில் உறுமுவது
பக்கத்துப் பல்கடை ஜெனரேட்டர்.
அது என்ன வாத்தியம் என்று
இன்னும் கேட்கிறார்கள்.

அட்டை அடித்துக் கொடுத்தது
தோட்டப்பாளையத்துக் கல்யாணப் பத்திரிகை அச்சகம்.
பழக்கதோஷத்தில் மேலே ஒரு 'உ',
கீழே 'தங்கள் நல்வரவை நாடும்' போட்டு
எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்திருந்தார்.
"முபாரக்" என்று கை குலுக்கினான் முனவ்வர்,
"நமக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."
நூறு சிடி. விற்றது இருபத்தியேழு.
கொஞ்சம் காட்பாடி ஆட்டோக்களின் பின்னால்
வெயிலைத் திருப்பி அடித்துக்கொண்டு
ரொம்ப நாள் தொங்கின.

மூன்றாவது பாட்டா?
கடைசி நாள். மணி மூன்றரை.
சுவரில் தட்டு. தாளத்துக்கு அரை மாத்திரை பிந்தி.
மூன்று தடவை.
கதவைத் திறந்தால் பதினான்காம் நம்பர்க்காரர்,
லுங்கி, தோளில் துண்டு, அக்குளில் ஃபைல்.
தாழ்ந்த குரலில் வங்காளத்தில் ஏதோ சொன்னார்.
முனவ்வர் எனக்குச் சொன்னான்:
"ரேடியேஷன் முடிஞ்சு வந்துருக்காங்களாம்.
நாலு நாளைக்கப்புறம் இப்பத்தான்
கண்ணசந்தாங்களாம்."
திட்டியிருந்தால் முடித்திருப்போம்.
அவர் கை கூப்பினார்.

லேப்டாப்பை ஐந்து மணிக்குத் திருப்பித் தர வேண்டும்.
மெத்தைகளைச் சத்தமில்லாமல்
கட்டிலில் போட்டோம்.
காலுறையைக் கழற்றி மாட்டிக்கொண்டேன்.

பையன் இன்னும் நிற்கிறான்,
அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டு.
அவன் கழுத்திலிருந்து எனக்கும் கேட்கிறது,
சன்னமாக, வேர்வையோடு:
*ரத்தம் எடு, ரசம் குடி, ராத்திரி*