ஏழு, நான்கு

பூஜ்யம் என்றால் வலியே இல்லை,
பத்து என்றால் இதற்கு மேல் தாங்காது.
இடையில் எங்கே நிற்கிறீர்கள் என்று
நாளைக்கு இருபது பேரைக் கேட்பது என் வேலை.

பத்துமலை, பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்,
"நேத்து ராத்திரி வலியா, இப்ப வலியா?" என்பார்.
இப்போது.
"இப்ப உங்ககூடப் பேசிக்கிட்டு இருக்கேனே,
அஞ்சு போட்டுக்குங்க."
அந்த ஐந்தில் இடுப்பு எவ்வளவு, மரியாதை எவ்வளவு?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பெட்டிகள் பன்னிரண்டு.
எல்லாவற்றிலும் பச்சை விளக்கு, எல்லாவற்றிலும் மெல்லிய முனகல்.
பாதியில் மின்சாரம் ஓடும்,
பாதியில் விளக்கோடு சரி.
எது எதுவென்று கோலாலம்பூரில்
பூட்டிய ஓர் அலமாரிக்குத் தெரியும்.
எனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால்
என் குரலே பதிலை எடுத்துக் கொடுத்துவிடும்.

இன்பராணி, பாயான் லெப்பாஸ் ஆலையில்
பதினெட்டு வருடம் சர்க்கியூட் பலகை சோதித்தவர்.
ஆறாவது வாரம், முழங்காலில் ஒட்டிய பட்டைகளோடு
பெட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.
"இதுல ஒண்ணும் ஓடல லா.
செத்த போர்டு தொட்டாலே எனக்குத் தெரியும்."
நான் பேனாவைப் பார்த்தேன்.
இன்றைக்கு எத்தனை?
"நாலு."
முதல் வாரம் ஏழு.
"பொய் இல்ல. மூணு மாடி ஏறித்தான் வந்தேன்,
லிப்ட் ரிப்பேர்."

மூன்று எண்கள் எங்கே போயின?
அரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் படுத்திருந்ததிலா,
வாராவாரம் ஒருத்தி பெயரைச் சரியாகச் சொன்னதிலா,
இல்லை, மழை விட்டதும் ஜோர்ஜ்டவுன் கால்வாயில்
தண்ணீர் தன்பாட்டுக்கு வடிவதுபோல
வலியும் வடிந்ததா,
பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும்?

'பங்கேற்பாளர் யூகித்துவிட்டார்' என்று
ஓரத்தில் எழுதவேண்டும், விதி.
எழுதினேன். பக்கத்திலேயே நான்கு.
ஒரே வரியில் இரண்டும்
தோளை இடித்துக்கொண்டு நின்றன.

அடுத்த வியாழன் வரவேண்டாம், ஆய்வு முடிகிறது என்றேன்.
பட்டைகளை உரித்து, பசை போகத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"இந்தப் பெட்டிய விலைக்குத் தருவாங்களா?
வேற வேணாம். இதே."

எல்லோரும் போனபின், செய்யக்கூடாததுதான்,
அதே பெட்டியை என் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டேன்.
பச்சை.
முதலில் ஒன்றுமில்லை. பிறகு
எறும்பு ஊர்வதுபோல் ஏதோ.
பொத்தானை அழுத்தி நிறுத்தினேன்.
ஊர்வது நிற்கக்
கொஞ்ச நேரம் ஆனது.