மே மாதப் பள்ளி

இருபது நாள்.
பத்து மணிக்குக் கேட் திறக்கும், ஒரு மணிக்கு மூடும்.
கத்திரி வெயிலில் அயனாவரத்துத் தார்
செருப்பைப் பிடித்துப் பிடித்து விடும்.
"நிழல்ல வா மாறா" என்றால்
நிழலின் ஓரத்தை மட்டும் மிதித்து வருவான்,
அது வளைகிற இடமெல்லாம் வளைந்து.

கட்டடம் எனக்குப் பழக்கம்.
இரண்டு ஜூனுக்கு முன்னால்
இதே வராந்தாவில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தோம்.
அந்த அம்மா நல்லவிதமாகத்தான் பேசினார்.
குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தார்.
"அதுக்கான வசதி எங்ககிட்ட இல்லீங்களே."
அவர் சொன்ன அது
என் மடியில் உட்கார்ந்து
மேசைக் கண்ணாடிக்குள் சுற்றிய மின்விசிறியைத்
தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது மே. அதே அறை, முகாமுக்கு வாடகையில்.
பெஞ்சுகளை ஓரங்கட்டிப் பாய் விரித்திருக்கிறார்கள்.
சுவரில் மற்ற பிள்ளைகளின் அ, ஆ, இ.
அதன்மேல் செல்லோடேப்பில்
எங்கள் பிள்ளைகளின் ஒரு நாள்:
செருப்புப் படம், பாட்டுப் படம், தண்ணீர், ஊஞ்சல்,
கடைசியில் வீடு.
வீடு என்றால் ஓட்டுக்கூரை, இரண்டு ஜன்னல், பின்னால் ஒரு மலை.
நாங்கள் ஹவுசிங் போர்டு, மூன்றாம் மாடி.
நான்கு நாள் மாறன் அந்தப் படத்தை நம்பவில்லை,
வீடு காட்டினால் அழுதான்.
ஐந்தாம் நாள் பிரபாவதி டீச்சர்
எங்கள் பிளாக்கை போட்டோ எடுத்துவரச் சொன்னார்,
துணி காய்கிற கம்பியும் தெரிகிற மாதிரி.

களிமண் அவனுக்கு ஆகாது.
காலேஜ் லீவில் வந்த ஷகீல்
கையுறை மாட்டிப் பார்த்தான், கரண்டி கொடுத்துப் பார்த்தான்,
கடைசியில் தானே ஒரு யானை செய்து
தானே ரசித்துக்கொண்டிருந்தான்.
மாறன் வாசலுக்குப் போய்ச் செருப்புகளை அடுக்கினான்.

நீலத்தோடு நீலம். சிவப்போடு சிவப்பு.
இடது வலது அவன் கணக்கில் இல்லை.
ரெபேக்கா அம்மாவுடையதும் என்னுடையதும்
இரண்டு இடதுகாலாய்ச் சேர்ந்து நின்றன.
மன்னிப்புக் கேட்டேன்.
கடையில், பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில்
கேட்டுக் கேட்டுப் பழகிய வாய்.
"எதுக்குங்க?" என்றார் அவர்.
அவன் சேர்த்துவைத்த ஜோடியையே மாட்டிக்கொண்டு
கொன்னூர் நெடுஞ்சாலை வரை நடந்தார்,
கொஞ்சம் சாய்ந்து, சிரிப்பை அடக்கமாட்டாமல்.
எனக்கு மிச்சம் இரண்டு வலது.

வாட்ச்மேன் எத்திராஜுலு
முதல் நாள் பழக்கதோஷத்தில் மணி அடித்துவிட்டார்.
பதினோரு பேரில் நாலு பேர் தரையில்.
அப்சானா மட்டும் இன்னொரு தரம் என்று கைதட்டினாள்.
மறுநாள் பார்த்தால்
தொங்குகிற தண்டவாளத் துண்டுக்குப்
பழைய வேட்டி சுற்றியிருந்தது.
அதன்பின் ஒரு மணி ஆனால்
வாசலில் வந்து சும்மா நிற்பார்.
அவர் நிழல் பாயில் விழும்.
பிள்ளைகள் எழுந்துகொள்வார்கள்.

கடைசி நாள் மேடை கிடையாது, மாலை மரியாதை கிடையாது.
ஆளுக்கொரு தர்பூசணித் துண்டு.
மாறன் விதைகளைத் தின்று சிவப்பைத் திருப்பிக் கொடுத்தான்.

ஜூன் பத்து. பேச்சுப் பயிற்சிக்குப் போகிற பஸ்.
பள்ளி வந்ததும் டவுசர் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தான்,
சுவரிலிருந்து எப்போது உரித்தானோ,
செருப்புப் படம்,
ஓரத்தில் இன்னும் டேப்.
என் முகத்துக்கு நேரே பிடித்தான்.
"இறங்குறீங்களா இல்லையா?" என்றார் கண்டக்டர்.
இறங்கினோம்.

உள்ளே வரிசை வரிசையாய்க் கறுப்பு ஷூக்கள்,
எல்லாம் சரியான காலில்.
எத்திராஜுலு புதுக் காக்கியில், கையில் சுத்தியல்.
தண்டவாளத்தில் வேட்டி இல்லை.
கேட் கம்பி வழியே
மாறன் அட்டையை அவரிடம் நீட்டினான்.
அவர் அவனைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"சீக்கிரம் கூட்டிட்டுப் போம்மா" என்றார்,
விரட்டுகிற குரல் இல்லை.
நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள்,
மணி என்னாச்சு என்று.