முப்பத்திரண்டு அங்குலம்

பைபாஸ் ரோட்டில் இருதயராஜ் கடை.
கழற்றிய டயர்கள் நாலும் வெயிலில் கிடக்க
செருப்பை வெளியே விட்டவன்போல
வெறுங்காலோடு ஜாக்கியில் நின்றது ஜீப்.

புதுசை மாட்டிவிட்டு
"ஸ்டியரிங்கை முழுசா ஒடிங்க சார்" என்றார்.
ஒடித்தேன். உள்ளே கரகரத்தது.
மட்கார்டு பிளாஸ்டிக்கில் இரண்டு விரற்கடை
கத்தியால் சீவி எறிந்தார்.
"பாறை ஏறும், ஆத்து மணல்ல போகும்.
சின்னச் சந்துல திரும்பினா மட்டும்
லேசா உரசும்."
என் வீடு சின்னச் சந்தில் என்று
நான் சொல்லவில்லை.

"அப்புறம், மீட்டர் இனிமே பொய் சொல்லும்.
எண்பது காட்டினா எண்பத்தெட்டு.
சக்கரம் பெருசு, சுத்து கம்மி."

ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டி போனேன்.
எப்போதும் நாற்பது கிலோமீட்டர்.
அவள் அம்மா வீட்டு வாசலில்
முப்பத்தாறு காட்டியது.
கோர்ட்டு கொடுத்த நாலு மணி நேரம்
அப்படியேதான் இருந்தது.

நித்திலா வண்டியை ஒரு சுற்று சுற்றினாள்.
புட்போர்டு அவள் இடுப்புக்கு நின்றது.
தூக்கிவிடக் கை நீட்டினேன்.
(இதையும் யோசித்துத்தான் முப்பத்திரண்டு கேட்டேன்.)
அவளோ
டயர் கட்டையில் ஒரு கால்,
கண்ணாடிக் கம்பியில் ஒரு கை,
ஏறி உட்கார்ந்து
"எங்கப்பா போறோம்?" என்றாள்.

தண்ணீர் இல்லாத கண்மாயில்
கருவேல முள்ளுக்கு நடுவே சுற்றினோம், சுற்றினோம்.
மீட்டரில் ரெண்டு கிலோமீட்டர்தான்.
"அவ்வளவுதானா?"
பொய் என்றேன்.

ராத்திரி சந்துக்குள் ஒடிக்கும்போது
உரசியது இடது முன்சக்கரம்.
மட்கார்டில் அவள் செருப்புத் தடம்.
நாளைக்கு இன்னும் ஒரு விரற்கடை
சீவச் சொல்ல வேண்டும்,
அந்த இடத்தை விட்டுவிட்டு.