ஒன்றிலிருந்து ஐந்து வரை

ஷா ஆலாம் தலைமையகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
இதுவரை பயன்படுத்திய இயங்குதளங்களுக்கு
எளிமை மதிப்பெண் இடவும்.
ஒன்று, மிகக் கடினம். ஐந்து, மிக எளிது.
பாடாங் செராய் செம்பனை ஆலை,
எடைமேடைக் கிராணி, பதினெட்டு வருடம்:
இவ்வளவையும் அவர்களே நிரப்பிவிட்டார்கள்.
எனக்கு வட்டங்கள் மட்டும்.

முதலில் இருந்தது கறுப்புத் திரை.
பச்சை எழுத்து. சுட்டெலி கிடையாது.
லாரி எண்ணுக்கு எஃப் இரண்டு,
எடைக்கு எஃப் ஐந்து,
சீட்டுக்கு எஃப் பத்து.
பழக மூன்று வாரம் ஆனது. தினமும் அழுதேன்.
அப்புறம் திரையைப் பார்த்ததே இல்லை.
ஜன்னல் வழியே தலையை நீட்டி
மனைவிக்கு இனிப்புநீர் இறங்கியதா என்று
முனிரத்தினத்தை விசாரித்துக்கொண்டிருப்பேன்,
விரல்கள் பாட்டுக்குப் பன்னிரண்டு டன் எடை போடும்.
இதற்கு எந்த வட்டம்?
அழுத மூன்று வாரத்துக்கு ஒன்றா,
பாராத பதினோரு வருடத்துக்கு ஐந்தா?

பிறகு விண்டோஸ்.
படம் படமாய், பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.
முதல் நாளே ஓட்டிவிட்டேன்.
ஆனால் ஏழாம் வருடமும் அது என்னை
முதல் நாள் ஆளாகத்தான் பார்க்கிறது.
நிச்சயமாகவா? சேமிக்கவா? உறுதியா?
கூட்டுறவுக் கடன் கேட்டுப் போனபோதுகூட
இத்தனை தடவை கேட்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், பழம் உச்சம்.
இருபத்தாறு லாரி வரிசையில் நிற்க
தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள அதற்கு ஆசை வந்தது.
அணைக்காதீர்கள் என்றது.
பதினேழு விழுக்காடு.
பதினேழு.
பெட்ரோல் நிலையம் தாண்டி
முனியாண்டி கோயில் முச்சந்தி வரை வரிசை.
உதிர்ந்த பழம் வெயிலில் புளிக்கத் தொடங்கிய வாசனைக்கு
திரையில் எந்த அறிவிப்பும் இல்லை.
பதினேழு.
ஸ்லாமெட் இறங்கி வந்தான். அவனுக்கு நடைக்கணக்குக் கூலி,
அன்று இரண்டு நடை போயிற்று.
திட்டவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று
சுற்றும் வட்டத்தைப் பார்த்தான்.
சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை, என்றான் மலாயில்.

மறுநாள் சுங்கைப்பட்டாணியிலிருந்து வெய் ஹான் வந்தான்,
சட்டைப்பையில் ஒரு லினக்ஸோடு.
கேட்காமல் எதையும் செய்யாது அக்கா, என்றான்.
உண்மை. கேட்டும் செய்யவில்லை.
பழைய எடைச்சீட்டின் பின்பக்கம்
பதினான்கு வரிக் கட்டளை எழுதிக் கொடுத்துப் போனான்.
ஒரு புள்ளி விட்டால் முதலிலிருந்து.
இரவு எட்டரைக்கு, ஆலைச் சங்கு ஓய்ந்த பிறகு
அச்சு இயந்திரம் கர்ரென்று உயிர்த்தபோது
தனி ஆளாய்க் கை தட்டினேன்.
இரண்டு மாதம் ஓடியது, ஒரு கேள்வி கேட்காமல்.
ஒப்புதல் இல்லை என்று
தலைமையகம் எடுக்கச் சொன்னது.
கை தட்டியதற்கு இந்தப் படிவத்தில் வட்டம் இல்லை.

மேக் ஒன்றையும் தொட்டிருக்கிறேன், ஐந்து நிமிடம்.
தணிக்கைக்கு வந்த புவான் நோராய்னியுடையது.
இதைவிட எளிது உலகத்தில் இல்லை என்றார்.
மூடும் பொத்தான் இடது மூலையில் இருந்தது.
வாடகைக்கு வந்த வீட்டில்
இருட்டில் சுவிட்சைத் தடவுகிற மாதிரி
என் கை வலது மூலையைத் தடவிக்கொண்டே இருந்தது.
அவர் பொய் சொல்லவில்லை.
அது அவர் வீடு.

கடைசிப் பெட்டி: பயனர் பெயர்.
ஒரு பெயருக்குத்தான் இடம்.
ஸ்லாமெட்டை எங்கே எழுதுவது,
அந்த இருபத்தாறு லாரியை,
புளித்த பழத்தை?

ஹார்ன்.
எழுந்து போய் இரண்டு லாரிக்கு எடை போட்டுத் திரும்பினால்
படிவம் காலாவதி.
மறுபடி முயல்க என்கிறது.
விரல் தன்னால் எஃப் பத்தை அழுத்துகிறது.
எதுவும் அச்சாகவில்லை.