ஒன்பதரை

பத்தொன்பது ஆண்டு அவர் தலைமை தாங்கிய கூட்டங்களில்
மூலையில் இருந்து குறிப்பெழுதியவள் நான்.
முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எதிர்ப்பு இல்லை
என்று எழுதி எழுதி
நடுவிரலில் ஒரு காய்ப்பு.
எதிர்ப்பு இருந்த நாட்களில்
தண்டர் பே ஏரி யன்னலுக்கு வெளியே உறைந்து கிடக்கும்.
அதைக் குறிப்பில் சேர்க்க விதி இல்லை.

திலகேஸ்வரி. பல்கலைக்கழகத்தின் துணைத்தலைவர்.
முழுப்பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்டவர்கள்
ஆட்சிக்குழுவில் மூன்று பேர்.
மற்றவர்களுக்கு டாக்டர் டி.
வரவுசெலவுத் திட்டத்தை மீன் ஆய்வதுபோல் ஆய்வார்,
செதில் வேறு, செவுள் வேறு, குடல் வேறாக,
கை நடுங்காமல்.
அப்படித்தான் ஒரு பெப்ரவரியில்
பின்னிஷ் மொழித்துறை போனது:
பதினொரு மாணவர், இரண்டு ஆசிரியர், ஒரு காப்பி இயந்திரம்.
ஐலா கோர்பெலா எழுந்து
தன் மொழியில் ஒரு வரி சொன்னார்.
எழுத்துக்கூட்டத் தெரியாமல்
"உறுப்பினர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்" என்று போட்டேன்.

ஓய்வுபெற்ற அன்று நாற்காலி கொடுத்தார்கள்.
கறுப்பு மரம், முதுகில் பொன்னிறச் சின்னம்,
சாய்ந்தால் நிமிர்த்திவிடும் ரகம்.
ஒரு மாதம் அவர் வீட்டு வரவேற்பறையில் நின்றது.
"கூட்டமே கூடாத நாற்காலி, நளாயினி" என்றார்.
பிறகு காரின் பின்னால் திணித்து
தேவாலய நிலவறையின் உணவு வங்கிக்குக் கொண்டுபோனார்.

இப்போது அது சப்பாத்துப் பகுதியில்.
நன்கொடையாக வந்த பனிச்சப்பாத்தைப் போட்டுப்பார்ப்பவர்கள்
அதில்தான் அமர்கிறார்கள்.
கால்களில் உப்புக்கறை.
இலத்தீன் வாசகத்தின் மேல்
யாரோ கையுறை காயப்போட்டிருக்கிறார்கள்.

வியாழன்களில் நானும் போகிறேன்.
பட்டாணி டப்பா அடுக்கக்கூட
அவருக்கு உபகுழு வேண்டும்.
முதல் வாரமே டெவன், இருபத்துமூன்று வயது, பொறுப்பாளன்,
"இங்கே வாக்கெடுப்பு இல்லை, டாக்டர்,
பெட்டியைத் தூக்குங்கள்" என்றான்.
தூக்கினார்.

சென்ற வியாழன், வரிசையில் ஐலா.
அதே சிவப்புக் கம்பளித் தொப்பி, அதற்குள் சிறுத்த முகம்.
என் கை தானாகப் பேனாவைத் தேடியது.
ஐலா நாற்காலியை ஒருமுறை சுற்றி வந்தார்,
கையுறையை விலக்கிச் சின்னத்தை வாசித்தார்,
அமர்ந்தார், சாயாமல்.

மன்னிப்பு என்ற சொல் அன்று அங்கே வரவில்லை.
நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.
திலகேஸ்வரி குந்தியிருந்து
சப்பாத்தின் நுனியைப் பெருவிரலால் அழுத்தினார்,
தாயைப்போல அல்ல,
கணக்குச் சரிபார்ப்பவரைப்போல.
"விரலுக்கு இடம் இருக்கிறதா?"
"இல்லை."
கொஞ்சம் பொறுத்து ஐலா
அந்தப் பழைய வரியைச் சொன்னார்,
அல்லது அதுபோல் ஒலித்த ஒன்றை.

"எழுத்துக்கூட்டுங்கள்" என்றேன்.
ஒவ்வோர் எழுத்தாக அவர் சொல்லச் சொல்ல
பீன்ஸ் பெட்டியின் அட்டையில் எழுதினேன்,
இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்துகள் உட்பட.

அலமாரிக்குள் தலையை விட்டபடி
துணைத்தலைவர் கத்தினார்:
"டெவன், ஒன்பதரை இருக்கிறதா?"